இடப்பக்கம் இழுக்கிறது

பதினோரு வருடம் இந்த நார்ட்டன்
இடப்பக்கம் இழுத்தது.
அல்வர்ஸ்டன் போகும் சாலையில்
கருங்கல் அடுக்கிய சுவரைப் பார்த்து,
தெரிந்தவர் வீட்டைக் கண்ட நாய் மாதிரி.
டயர் என்றார் ஒருவர்.
கடற்காற்று என்றார் ஒருவர்.
நீ உட்காரும் விதம் என்றான் நெவில்,
அப்போது என் கணவன்.

பிப்ரவரி.
பேரோவில் மழை படுத்தவாக்கில் பெய்கிறது.
பஸ் டெப்போ உடுப்பைக்கூட மாற்றாமல்
கராஜில் நிற்கிறேன்.
பாரஃபின் ஹீட்டர் சூட்டைவிட அதிகம் நாற்றம் தருகிறது.

பக்கத்து வீட்டு டெஸ்மண்ட்
காட் மீன் பிடிக்கும் நரம்பைக் கொண்டுவந்தான்.
பின்சக்கரத்தில் ஒட்டி இருபக்கமும்
முன்சக்கரம் தாண்டி இழுத்துக் கட்டினோம்.
நூலுக்குப் பொய் சொல்லத் தெரியாது,
அதற்கு அவ்வளவு தடிமன் இல்லை.
வலப்பக்கம், நூலுக்கும் டயருக்கும் நடுவே
என் சுண்டுவிரல் நுழைந்தது.
இடப்பக்கம் ஒரு பஸ் டிக்கெட்கூட நுழையவில்லை.

இந்த வண்டியில்
ஃபிரேமும் இன்ஜினும் சம்பந்திகள்.
நேராகத் தொட்டுக்கொள்வதில்லை,
இரண்டு ரப்பர்க் கட்டைகள் வழியாகத்தான் பேச்சு.
முன்சக்கரம் ஃபிரேம் வீட்டார் பக்கம்,
பின்சக்கரம் இன்ஜின் வீட்டார் பக்கம்.
நெருக்கி வைத்தால்
அந்த வீட்டுச் சண்டை ஹேண்டில்பார் வரை கேட்கும்.
தளர்த்திவிட்டால்
வளைவில் குடும்பமே ஆடும்.
ஓர் அங்குலத்தை ஆயிரமாய் அரிந்து
அதில் பத்துத் துண்டு:
மரியாதைக்கு அவ்வளவு இடைவெளி போதும்.

இன்ஜினுக்கடியில் ஜாக், அதன்மேல் பலகைத் துண்டு.
முன் மவுண்ட் போல்ட்
என் விரல் முட்டியில் கொஞ்சம் தோலை வாங்கிக்கொண்டு
வெளியே வந்தது.
உள்ளே ஐந்து ஷிம்,
ஐந்தும் ஒரே பக்கம்.
மறுபக்கம் துரு மட்டும்.

யாரோ ஒருத்தன்,
நான் வாங்குவதற்கு முன்னால் எப்போதோ,
பசியோ, வேறெங்கோ போகும் அவசரமோ,
கைக்கு வந்த பக்கம் போட்டு முடுக்கியிருக்கிறான்.
வெள்ளிக்கிழமை சாயங்காலமாக இருந்திருக்கும்.
அவனைத் திட்ட நினைத்தேன்.
நானும் வெள்ளிக்கிழமைகளில்
கடைசி ட்ரிப்பில்
ஒரு ஸ்டாப்பைத் தாண்டிப் போனவள்தான்.

ஐந்தை இரண்டாகப் பங்கு போட முடியாது.
கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்து
ஒன்றைத் தேய்த்தேன், அளந்தேன், தேய்த்தேன்.
போல்ட் இரண்டு துளை போனது,
மூன்றாவது துளையில் நின்றது.
ஒரு மயிரிழை.
டெஸ்மண்ட் கம்பியால் இன்ஜினை நெம்பினான்,
நான் மூச்சைப் பிடித்தேன், அது எதற்கென்று தெரியாமல்.
மூன்றாவது முறை
ஒரு சத்தமும் இல்லாமல் போய்விட்டது,
இதுவரை என்ன பிடிவாதம் என்று நம்மைக் கேட்பதுபோல.

அளவுத்தகடு செருகினேன்.
ஒட்டிக்கொண்ட பைபிள் தாள்களைப் பிரிக்கிறபோது
கைக்குத் தெரியுமே, அந்த இழுவை.
சிலிண்டர் தலையின் பிடியைக் கடைசியாக மாட்டினேன்.
நூலை மறுபடி கட்டினோம்.
இருபக்கமும் ஒரே அளவு வெளிச்சம்.

ஏப்ரலில் சாலை காய்ந்தது.
கரையோரம் பார்ட்ஸீ பக்கம் கிளம்பினேன்.
முதல் மைலிலேயே
நடுக்கோட்டைத் தாண்டிவிட்டேன்.
எதிரே பால் டாங்கர்,
அதன் ஹாரன், அந்த ஓட்டுநரின் வாய் அசைவு.
ஓரங்கட்டி நின்றபோது
முழங்கால் நடுங்கியது.

வண்டி நேராகத்தான் போகிறது.
வலப்பக்கம் இழுப்பது நான்.
பதினோரு வருடம் சுவரை எதிர்த்துத்
தோளைச் சாய்த்துச் சாய்த்தே
அதுதான் நேர் என்று ஆகிவிட்டிருக்கிறது.
பஸ் ஸ்டியரிங்கால் வந்த வலி என்று
டாக்டர் எழுதித்தந்த களிம்பு
எத்தனை ட்யூப் பூசியிருப்பேன்!

நெவில் சொன்னது
இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது.
அவனிடம் சொல்லப்போவதில்லை.

டெஸ்மண்டுக்குப் போன் செய்தேன்.
சிரித்து முடித்துக் கேட்டான்:
உனக்கு எந்தப் பக்கம் ஷிம் வைக்க?

திரும்பும்போது காலியான நீட்டுச் சாலையில்
இரண்டு விநாடி
பிடியை விட்டுப் பார்த்தேன்.
நூல் பிடித்த மாதிரி போனது.
கைகளுக்குத்தான்
எங்கே இருப்பதென்று தெரியவில்லை.